ஆல்பா வகுப்பு: கேட்க மனமில்லாதவரை அழைத்துப் போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அழைத்துப் போகலாம். ஆல்பா என்றால் சர்ச்சுகளில் வாரம் ஒரு மாலை சாப்பாட்டோடு நடக்கிற, கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்துகிற வகுப்பு. சர்ச் வாசலையே மிதிக்க மாட்டேன் என்கிற நண்பரோ, இயேசு என்று ஆரம்பித்தாலே பேச்சை கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுகிற சொந்தக்காரரோ உங்களுக்கு இருந்து, அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று வருடக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தால், இன்றைக்குச் சென்னையில் நடக்கிறவற்றில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. ஆனால் ஆல்பா என்று பேனர் கட்டியிருக்கிற எல்லா இடத்துக்கும் இதையே சொல்ல மாட்டேன். ஒரு சர்ச்சில் சும்மா போய் உட்கார்ந்து பார்த்தேன், அப்புறம் வேறொரு சர்ச்சில் மேசை உதவியாளராக முழு வகுப்பும் இருந்தேன். பாடம் ஒன்றுதான், நடந்த விதம் மலைக்கும் மடுவுக்கும். அதனால் பாடத்தைப் பற்றியும் எழுதுகிறேன், பெயர் கொடுப்பதற்கு முன்னால் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்கிற ஆங்கிலிக்கன் சர்ச்சில் 1977இல் சார்லஸ் மார்னம் என்ற குருவானவர் ஆரம்பித்தது இது. அப்போது இது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்கிற சின்ன வகுப்பு, அவ்வளவுதான். 1990இல் நிக்கி கம்பல் பொறுப்பெடுத்தார். அவர் குருப்பட்டம் பெறுவதற்கு முன்னால் வழக்கறிஞர், கல்லூரியில் நுழைந்தபோது நாத்திகர். விசுவாசிகளுக்கான வகுப்பை, விசுவாசமே இல்லாதவர்கள் வந்து உட்காரக்கூடிய வகுப்பாக அவர் மாற்றி அமைத்தார். அதற்குப் பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர் என்று சபை வித்தியாசம் இல்லாமல் நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. நடுவில் வருகிற வார இறுதி முகாமுக்கு மட்டும் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று பணம் கேட்பார்கள்.

நடக்கிற முறை எளிமையானது. வாரத்துக்கு ஒரு மாலை, ஏறக்குறைய பத்து பதினோரு வாரம். வந்ததும் சாப்பாடு. அப்புறம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஒரு பேச்சு, சில இடங்களில் வீடியோ, சில இடங்களில் ஒருவர் நேரில் பேசுவார். இயேசு யார், ஏன் செத்தார், ஜெபம் என்றால் என்ன, பைபிளை ஏன் வாசிக்க வேண்டும், இன்றைக்கும் கடவுள் குணமாக்குகிறாரா என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு. அது முடிந்ததும் மேசை மேசையாகப் பிரிந்து உட்கார்ந்து பேச வேண்டியது. எந்தக் கேள்வியும் கேட்கலாம், கேட்காமல் சும்மாவும் இருக்கலாம். முதல் வாரங்களில் யாரையும் ஜெபிக்கச் சொல்வதில்லை, பைபிளைத் திறந்து வாசிக்கச் சொல்வதில்லை. சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுவார்கள். அது சின்ன விஷயம் இல்லை. எட்டரைக்கு முடியும் என்று சொல்லிவிட்டு ஒன்பதேகால் வரை ஜெபித்தால், மறுவாரம் அந்த ஆள் வரமாட்டார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இதை விமர்சனம் என்று சொல்ல முடியாது. நான் உதவியாளராக இருந்த இடத்தில் கடைசி வரைக்கும் சைவம்தான். தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு வாரம் இட்லி சாம்பார், ஒரு வாரம் சப்பாத்தி குருமா. சர்ச் குடும்பங்கள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டு வந்தார்கள். கிறிஸ்தவர்கள் கூடினால் பிரியாணி இல்லாமலா என்று எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள், ஆனால் இந்த முடிவு எவ்வளவு சரி என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் மேசையில் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார், சுத்த சைவம். தட்டை வாங்கும்போது எது சைவம் என்று அவர் ஒருவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு சர்ச்சில் சைவத்துக்கென்று மூலையில் தனியாக ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள், வந்த இந்து நண்பர்கள் எல்லோரும் அந்த மூலையிலேயே நின்று சாப்பிட்டார்கள். வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நீங்கள் வேறு, நாங்கள் வேறு என்றாகிவிட்டது.

இதன் நிஜமான சரக்கு எதில் இருக்கிறது என்று கேட்டால், மேடைப் பேச்சில் இல்லை, மேசைப் பயிற்சியில்தான். வகுப்பு தொடங்கும் முன்னால் மேசைத் தலைவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். வாய் மூடச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி என்றே அதைச் சொல்லலாம். விருந்தாளி ஒரு கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்லக் கூடாது, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மேசையைக் கேட்க வேண்டும். அவர் சொன்னது தவறாக இருந்தாலும் உடனே திருத்தக் கூடாது. வசனத்தை எடுத்து வீசக் கூடாது. ஒருவர் அமைதியாக இருந்தால் அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்கக் கூடாது. ஒருவர் இனி வரவில்லை என்று சொன்னால் போனைப் போட்டுத் துரத்தக் கூடாது. உதவியாளர் என்றால் கிட்டத்தட்ட முழு மாலையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிப்பதில் ஆரம்பித்து, வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்வது, கைப்பிரதி கொடுப்பது என்று எல்லாமே நாம் பேசுவதற்கான பயிற்சி. எதிராளி பேசுவதைக் கேட்பதற்கு எங்கேயாவது பயிற்சி கொடுத்தார்களா? தாம்பரம் பீச் மின்சார ரயிலில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒருவர் எழுந்து நின்று சத்தமாகப் பிரசங்கம் பண்ணுவார், எல்லோரும் போனைப் பார்ப்பார்கள் அல்லது ஜன்னலைப் பார்ப்பார்கள், இறங்கும்போது ஒரு துண்டுத்தாளைக் கையில் திணித்துவிட்டுப் போவார். அந்த மனிதரின் தைரியத்தை நான் மதிக்கிறேன், என்னால் அது முடியாது. ஆனால் கேட்கிறவருக்கு அங்கே பதில் சொல்ல இடமே இல்லை, எழுந்து போகவும் இடமில்லை. அவர் மறுப்பது இயேசுவை இல்லை, அப்படி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை. நாம் அதை அவருடைய கடின இருதயம் என்று எழுதி வைத்துக்கொள்கிறோம்.

அப்போஸ்தலனான பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) நகரத்தில் பேசியதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அவர் பேசும் முன்னால் என்ன செய்தார் என்பதையும் பைபிளில் அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. ஊரைச் சுற்றிப் பார்த்தார், அவர்களுடைய வழிபாட்டு இடங்களைக் கவனித்தார், அறியப்படாத தேவனுக்கு என்று எழுதியிருந்த ஒரு பலிபீடத்தைக் கண்டார், சந்தை வெளியில் எதிர்ப்பட்டவர்களோடு தினமும் பேசினார். அப்புறம் அவர்களே அழைத்துக்கொண்டு போய்ப் பேசச் சொன்னார்கள். அவ்வளவு செய்தும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி என்று சிலர்தான் நம்பினார்கள். இயேசுவின் சீடரான பேதுருவும், விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றுதான் எழுதுகிறார். அந்த விசாரிப்பு அவர்கள் வாயிலிருந்து வரும்வரை காத்திருக்கிற பொறுமையைத்தான் இந்த மேசை நமக்குப் பழக்குகிறது.

எங்கள் மேசையில் என்ன நடந்தது என்று எழுதினால்தான் புரியும். மேசைத் தலைவி நாகர்கோவில்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை, எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். நான் அழைத்துப் போனது என் அலுவலக நண்பரை. மயிலாடுதுறைக்காரர், பல வருடமாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கை, வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் போய் வருவோம், கிறிஸ்துமஸ் கேக் வாங்கிக்கொள்வார், ஆனால் நம்பிக்கை பற்றி ஒரு வார்த்தை பேசவிட மாட்டார். பாங்க் பெரியவர் இருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்கிற ஒரு பெண் இருந்தார். பெரியாரை நிறைய வாசித்த ஒரு தம்பி இருந்தார், அவர்தான் அதிகம் பேசினார், அவர் பேசியதுதான் எனக்கு ரொம்பவும் பிடித்தது.

முதல் நாளே பெரியவர் நேராகக் கேட்டார், "இது மதம் மாத்துற கூட்டமா, முதல்ல அதைச் சொல்லுங்க." நியாயமான கேள்வி. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004இல் அது திரும்பப் பெறப்பட்டதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டீச்சர் மழுப்பவில்லை. "சார், நாங்க இயேசுவை நம்புறோம், நீங்களும் நம்பினா எங்களுக்கு சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டோம். ஆனா இங்க கையெழுத்து வாங்குறது, எண்ணிக்கை காட்டுறது எதுவும் கிடையாது. நீங்க கடைசி நாள் வரைக்கும் இதே மாதிரியே இருந்தாலும் உங்களுக்கு இந்த நாற்காலி உண்டு" என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். மறுவாரமும் வந்தார். இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஆள் மேசையில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்பது என் அபிப்பிராயம்.

என் நண்பர் ஆரம்பத்தில் சாப்பிட்டார், கேட்டார், பேசவில்லை. ஜெபம் பற்றிய பேச்சு நடந்த மாலையில்தான் வாய் திறந்தார். அவருடைய பாட்டி ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, யாரோ ஒருவர் வார்டுக்குள் வந்து, வீட்டார் யாரையும் கேட்காமல் பாட்டியின் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்து, விசுவாசித்தால் பிழைப்பார்கள், இல்லாவிட்டால் என்று இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாட்டி இரண்டு நாளில் இறந்துவிட்டார். அப்போது இவருக்குப் பள்ளிக்கூட வயது. நாம் சாமியை மாற்றியிருந்தால் பாட்டி பிழைத்திருப்பாளோ என்று அந்த வயதில் ராத்திரியெல்லாம் யோசித்து அழுததாகச் சொன்னார். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இது எனக்குத் தெரியாது.

மேசை அமைதியாக இருந்தது. அந்த இடத்தில் யாராவது, அது உண்மையான ஊழியம் இல்லை, நாங்கள் அப்படி இல்லை என்று ஆரம்பித்திருந்தால் முடிந்திருக்கும். டீச்சர், "அது தப்பு தம்பி, ஒரு சின்னப் பிள்ளை மேல அவ்வளவு பெரிய பாரத்தை வச்சது தப்பு" என்று மட்டும் சொன்னார். வேறு விளக்கம் இல்லை. கிறிஸ்தவத்தை விட்டுவிட்டேன் என்று சொன்ன பெண்தான் அடுத்துப் பேசினார், அவருடைய அப்பாவின் நோய்க்கும் இதே மாதிரி சொன்னார்கள், அப்பாவும் பிழைக்கவில்லை, அன்றோடுதான் அவருக்கு எல்லாம் விட்டுப்போனது என்று. ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவக் குடும்பம், இரண்டு பேருக்கும் காயம் ஒன்று. அதற்குப் பிறகு, இயேசு பிடிபடுவதற்கு முன்னால் ஜெபித்த கெத்செமனே தோட்டம் பற்றிப் பேச்சு வந்தது, இயேசு தன் சாவு தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டும் அது நீங்கவில்லையே என்று. அந்தப் பேச்சை எடுத்தது நாங்கள் இல்லை, பெரியாரை வாசிக்கிற தம்பி. பயிற்சியில் ஏன் அவ்வளவு கறாராக எங்களை அடக்கி வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இந்த இடத்தில் தரங்கம்பாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீகன்பால்கு என்கிற ஜெர்மன் மிஷனரி 1706இல் அங்கே வந்து இறங்கினார். ஊர்க்காரர்களோடு உரையாடியது மட்டும் இல்லை, தமிழர்களிடம் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் கைப்பட எழுதிய பதில்களை வாங்கி, ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள் அவரும் அவருடைய கூட்டாளிகளும். 1712இலிருந்து 1714 வரை வந்த கடிதங்கள் அவை. உங்கள் வேதத்தை ஏன் ஏற்க மாட்டோம் என்பதற்குத் தமிழர்கள் சொன்ன காரணங்களில் தத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், பசுவைக் கொன்று தின்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்பதுதான் முன்னால் நிற்கிறது. முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே நம் ஆட்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், உங்கள் போதனையைக் கேட்பதற்கு முன்னால் உங்களைப் பார்க்கிறோம் என்று. அதை எதிர்ப்பு என்று ஒதுக்காமல் உட்கார்ந்து எழுதி வாங்கிய அந்த மிஷனரிகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சரி, இனி குறைகள். முதலாவது, கேள்விகள் லண்டன் கேள்விகள். ஆரம்பப் பேச்சே, கிறிஸ்தவம் சலிப்பானது, பொய், இன்றைக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்கிறவரை மனதில் வைத்துத் தொடங்குகிறது. சின்ன வயதில் சர்ச்சுக்குப் போய் அலுத்துப்போன ஆங்கிலேயருக்கு அது சரி. சென்னையில் வருகிறவருக்கு சர்ச் சலிப்பாகவா தெரிகிறது? அவருக்குத் தெரிந்த சர்ச்சில் ஸ்பீக்கர் அதிர்கிறது. கடவுள் உண்டா என்பதும் இங்கே முக்கால்வாசிப் பேருக்குக் கேள்வி இல்லை. எல்லா நதியும் ஒரே கடலில்தானே சேருகிறது, உங்கள் சாமி மட்டும்தான் என்று ஏன் சொல்கிறீர்கள்? ஞானஸ்நானம் வாங்கினால் பூவும் பொட்டும் ஏன் போகிறது? பக்கத்து வீட்டுப் பொங்கலை, கோவில் பிரசாதத்தை ஏன் வாங்க மறுக்கிறீர்கள்? அம்மா செத்தால் நான் கொள்ளி வைக்கலாமா? இவைதான் எங்கள் மேசைக்கு வந்த கேள்விகள். இவற்றுக்கென்று பாடத்தில் தனி மாலை கிடையாது. நல்ல மேசைத் தலைவர் இருந்தால் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் அந்தரத்தில் தொங்கும்.

சிலுவை பற்றிய பேச்சில் இது நன்றாகத் தெரிந்தது. குற்றவாளிக்கு அபராதம் விதித்த நீதிபதியே கீழே இறங்கி வந்து அதைக் கட்டிவிடுகிற கதையை வைத்து விளக்குவார்கள், வழக்கறிஞராக இருந்தவர் உருவாக்கிய பாடம் இல்லையா. கேட்டு முடித்ததும் பெரியவர், "என் வினையை நான்தான் அனுபவிக்கணும், இன்னொருத்தர் எப்படி அனுபவிக்க முடியும்? அது நியாயமே இல்லையே" என்றார். நீதிமன்றக் கதைக்குள் இதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் அவர் பார்வையில் வினை என்பது யாரோ விதித்த அபராதம் இல்லை. இங்கே எங்களைக் காப்பாற்றியது அன்றைக்கு நேரில் பேசியவர். வீடியோ போடாமல் தமிழிலேயே பேசியவர் அவர், மேசைக்கு வந்து உட்கார்ந்து, வினையை அறுக்கிற அருள் என்பது நம் பக்திப் பாடல்களுக்குப் புதிதா ஐயா என்று கேட்டார். பெரியவருக்குத் தேவாரம் தெரியும். அங்கிருந்து பேச்சு வேறு இடத்துக்குப் போனது. பேச வந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பற்றிச் சொன்னார், 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, ஆழ்வார்களின் உருக்கத்தோடும் கம்பனின் நடையோடும் கிறிஸ்துவைப் பாடியவர், கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வாங்கியவர். சரணாகதி தெரிந்த மனிதருக்குச் சிலுவையை நீதிமன்றம் வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்று யார் விதித்தது? தமிழில் ஆல்பா நடத்துகிறவர்கள் இந்த ஒரு மாலையையாவது தாங்களே எழுதிப் பேச வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நம்மிடம் இவ்வளவு இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்த ஆள் இல்லை.

சாதியைப் பற்றிய கேள்வி இன்னும் கடினம். உங்களில் எல்லோரும் சமம் என்றால் கல்லறைத் தோட்டத்தில் எதற்குப் பிரிவு, கல்யாண விளம்பரத்தில் கிறிஸ்தவர் என்று எழுதி பக்கத்திலேயே சாதியையும் எதற்கு எழுதுகிறீர்கள் என்று அந்தத் தம்பி கேட்டார். அதற்குப் பதில் கிடையாது, அது உண்மை, அது பாவம். டீச்சர் அப்படித்தான் சொன்னார். திருச்சபை பற்றிய கடைசிப் பேச்சில் இது ஒரு வரிகூட வராமல் தமிழ்நாட்டில் இந்த வகுப்பை முடிக்கக் கூடாது. எழுதி அனுப்பியிருக்கிறேன், அடுத்த வகுப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து அந்த வார இறுதி. பரிசுத்த ஆவியைப் பற்றிய பேச்சுகள் எல்லாம் அதில்தான் வருகின்றன, கடைசியில் விருப்பமுள்ளவர்களுக்காக ஜெபிப்பார்கள். பாடத்தில் இந்தப் பகுதிக்குக் கொடுக்கிற எடை அதிகம் என்று இங்கிலாந்திலேயே பல குருவானவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் அந்த எண்ணம் உண்டு. நான் உதவியாளராக இருந்த இடத்தில் ஈசிஆரில் ஒரு தியான இல்லத்துக்குப் போனோம், என்ன நடக்கும் என்று முந்தின வாரமே விளக்கமாகச் சொன்னார்கள், வேண்டாதவர்கள் அந்த நேரத்தில் கடற்கரைக்கு நடக்கப் போகலாம் என்றும் சொன்னார்கள், என் நண்பர் நடக்கத்தான் போனார், நானும் கூடப் போனேன். நான் முதலில் பார்த்த சர்ச்சில் எந்த முன்னறிவிப்பும் இல்லை. விளக்கைக் குறைத்து, கீபோர்டை ஏற்றி, வரிசையாக எல்லோர் தலையிலும் கை வைத்துக்கொண்டே வந்தார்கள். விருந்தாளியாக வந்திருந்த ஒரு அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனார். அத்தனை வாரம் மேசையில் சேர்த்த நம்பிக்கையை ஒரே ராத்திரியில் உடைத்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

வீடியோவா நேரடிப் பேச்சா என்றால், ஆங்கிலம் சரளமாகக் கேட்கிற ஐடி கூட்டத்துக்கு வீடியோ நன்றாகவே இருக்கிறது, படமாக்கிய விதம் தரமானது. மற்றவர்களுக்குத் தமிழில் நேரில் பேசுகிற ஆள் வேண்டும். சப்டைட்டில் வைத்து ஒப்பேற்றக் கூடாது.

இதற்கு மாற்று என்று பார்த்தால், லண்டனில் ஆல் சோல்ஸ் லாங்கம் பிளேஸ் சர்ச்சில் ரிக்கோ டைஸ் உருவாக்கிய கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்ட் இருக்கிறது. அது மாற்கு சுவிசேஷத்தையே அடிப்படையாக வைத்துப் போகும். வாசிக்கிற பழக்கம் உள்ள, தலைப்புப் பேச்சை விட மூலத்தையே பார்க்க விரும்புகிற ஆளுக்கு அது பொருந்தும். தபால் வழி வேதபாடம் இன்னும் நடக்கிறது, சின்ன ஊர்களில் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மனதில் கோபமோ காயமோ இருக்கிற ஆளுக்கு, எதிரே ஒரு மனித முகமும் சாப்பாட்டுத் தட்டும் வேண்டும் என்றே நினைக்கிறேன், அதனால்தான் என் ஓட்டு ஆல்பாவுக்கு.

அழைத்துப் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள், சும்மா ஒரு டின்னர், பர்சனாலிட்டி டெவலப்மென்ட் என்றெல்லாம் சொல்லாதீர்கள். கிறிஸ்தவ விசுவாசம் பற்றிய வகுப்பு, உனக்குத் தோன்றுவதை எல்லாம் கேட்கலாம், பிடிக்காவிட்டால் முதல் நாளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் சாவோ பெரிய நோயோ வந்திருக்கிற நேரத்தில் இதற்கு அழைக்காதீர்கள், அப்போது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், வேண்டியதை வாங்கிக் கொடுங்கள், வகுப்பு அப்புறம். நீங்களும் கூடவே எல்லா வாரமும் வாருங்கள், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை. திரும்பி வரும்போது பைக்கில், இப்போது என்ன நினைக்கிறாய் என்று நோண்டாதீர்கள். அவராகப் பேசினால் பேசுங்கள்.

என் நண்பர் கிறிஸ்தவராகவில்லை. கடைசி வாரம் வரைக்கும் வந்தார், நெற்றியில் விபூதியோடுதான் வந்தார், இப்போதும் அப்படித்தான். மாற்கு சுவிசேஷம் வாசித்துக்கொண்டிருக்கிறார், பதினாறு அதிகாரம்தானே என்று ஆரம்பித்தவர் பாதியில் நிற்கிறார், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்கிறார். அத்திமரத்தை இயேசு ஏன் சபித்தார் என்று போன வாரம் கேட்டார், நான் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை, டீச்சரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் அந்த சர்ச்சின் கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கிறிஸ்தவத்தை விட்டுவிட்டேன் என்று சொன்ன பெண் இப்போது அடுத்த வகுப்புக்கு உதவியாளர். அந்தத் தம்பி மட்டும் பாதியில் வேலை மாறி கோயம்புத்தூர் போய்விட்டார், வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், இன்னும் சண்டை போடுகிறார், அதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

ஐந்துக்கு நான்கு தருவேன். நல்ல தமிழ் மேசை உள்ள இடமாக இருந்தால் நாலரை. பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜனவரியிலோ புதிதாகத் தொடங்குகிறார்கள். பெயர் கொடுக்கும்போதே, பேச்சு தமிழிலா, மேசைத் தலைவர்கள் பயிற்சி எடுத்தவர்களா, சாப்பாடு சைவமா, முகாம் கட்டாயமா, எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். முகாமுக்கு வராவிட்டால் பரவாயில்லை என்று தயங்காமல் சொல்கிற இடத்துக்குப் போங்கள். தமிழ் மேசை வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்னாலேயே சொல்ல வேண்டும், அப்போதுதான் ஆள் போடுவார்கள்.